ரதம் நிற்கும் இடங்கள்

போன வருடத் திருவிழாவில் எங்கள் கோயில் ரதம் ஒரு டெலிபோன் கம்பிக்கு அடியில் இரண்டு மணி நேரம் நின்றது. சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. மெர்போக் பக்கமிருந்து வந்த வண்டிகளும் சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த வண்டிகளும்தான் எதிரெதிரே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கம்பியைத் தூக்கிப் பிடிக்க ஒரு மூங்கில் கழி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் என் கணவர். அவர் அப்போது ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

பன்னிரண்டு வருடம் ரதத்தின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு நடந்தவர் அவர். ரதத்தைக் கயிறு கட்டி இழுப்பது நூறு பேர் என்றாலும், சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர்தான் அதைத் திருப்புவார், நிறுத்துவார். எந்த இடத்தில் சாலை சாய்கிறது, எந்தக் கம்பி தாழ்வு, எந்த வீட்டுக்காரர் காரை நகர்த்த மறப்பார், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் குறுக்கே வந்த நாயைக் காப்பாற்றப் போய் மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். நாய் நன்றாக இருக்கிறது. இன்றும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது, நன்றி கெட்டது.

இந்த வருடம் ஊர்வலத்துக்குப் பெர்மிட் கொடுக்கும்போது போலிஸ் அதிகாரி கோயில் தலைவரிடம் மரியாதையாகவே சொன்னாராம்: பகல் பன்னிரண்டுக்குள் ரதம் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து கோயில் வளாகத்துக்குள்ளேயே சுற்றிக்கொள்ளுங்கள்.

தலைவர் டயர் கடை வைத்திருப்பவர். பேச்சைச் சுற்றி வளைக்க மாட்டார். நிர்வாகக் கூட்டத்தை மெர்போக்கில் பாயின் சாப்பாட்டுக் கடையில் போட்டார். கோயில் மண்டபத்து மின்விசிறி கெட்டுப் போயிருந்தது, பாய் கடையில் தே தாரிக் டீயும் நன்றாக இருக்கும்.

"எல்லாத்தையும் எழுதி வைக்கணும் லா. இனி ஒரு ஆள் ஆஸ்பத்திரியில படுத்தா சாமி நடு ரோட்டுல நிக்கக் கூடாது," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, ஃபேக்டரியில நீ இந்த வேலைதானே பாக்கறே?"

பார்க்கிறேன். பதினெட்டு வருடமாக மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஆவணக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எந்த மிஷினை எப்படி ஓட்டுவது என்கிற தாள்களுக்கு நான்தான் காவல். கையெழுத்து இல்லாத தாள் என்னைத் தாண்டிப் போகாது. பழைய தாளும் தப்பான தகவலும் என் கண்ணில் பட்டால் அடுத்த நிமிஷம் துண்டு துண்டாகிவிடும். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வாட்ஸ்அப் குழு ஒன்று முன்பே இருந்தது. அதில் யாராவது உருப்படியாக ஒன்று சொன்னால், அரை மணி நேரத்தில் அதன் மேல் இருபது காலை வணக்கப் பூக்கள் விழுந்து மூடிவிடும். எனவே விக்கி வேண்டும் என்று முடிவு செய்தேன். பலர் சேர்ந்து எழுதவும் திருத்தவும் கூடிய பக்கங்கள், எப்போது திறந்தாலும் அதே இடத்தில் இருக்கும். அதற்கு எத்தனையோ மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு மூன்றை மட்டும் பொறுக்கி, வண்ண வண்ணமாக அட்டவணை போட்டு, அடுத்த கூட்டத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். பாய் அதன் மேல் ரொட்டிச் சானாய் தட்டை வைத்தார்.

முதல் மென்பொருளுக்குத் தனியாக ஒரு கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தலைப்பு போடக்கூட நட்சத்திரக் குறியும் அடைப்புக் குறியும் தட்ட வேண்டும். தலைவர் பாதியிலேயே "சுசா லா", ரொம்பக் கஷ்டம் என்றுவிட்டார். இரண்டாவது அழகோ அழகு. யார் எழுதினாலும் அது முதலில் பொறுப்பாளரிடம் போகும், அவர் சரி என்றால்தான் பக்கத்தில் ஏறும். பார்த்தவுடன் எனக்குக் காதலே வந்துவிட்டது. மூன்றாவது வெறும் வெள்ளைப் பக்கம், ஒரு நீலப் பொத்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் பூட்ட முடியாது. ஆனால் யார், எப்போது, என்ன மாற்றினார் என்கிற வரலாறு மட்டும் அழியாமல் இருக்கும். மாற்றும்போது "ஏன் மாற்றினீர்கள்?" என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். அதற்கு நேராகச் சிவப்பு மையில் "கட்டுப்பாடு இல்லை" என்று எழுதியிருந்தேன்.

இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். அதாவது நான் தேர்ந்தெடுத்தேன், மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

இரண்டு வாரம் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதாவிட்டால் பரவாயில்லை, எல்லாரும் எனக்குப் போன் அடித்தார்கள். "தங்கச்சி, பூவுக்கு யார்கிட்ட சொல்லணும்னு சொல்றேன், நீயே போட்டுடு." வேலை முடிந்து வந்து, கணவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, ஊரார் சொல்வதையெல்லாம் நான் தட்டிக்கொண்டிருந்தேன். ஏன் யாருமே எழுத மாட்டேன் என்கிறார்கள் என்று ரதத்துக்குப் பூ அலங்காரம் செய்பவரிடம் கோபமாகவே கேட்டேன். நான் இந்த ஊருக்கு மருமகளாக வருவதற்கு முன்பிருந்தே அந்த வேலையைச் செய்பவர். அவர் அமைதியாகச் சொன்னார்: "எழுதி முடிச்சா 'ஒப்புதலுக்கு அனுப்பு'ன்னு வருது. நான் எழுதறதுக்கு நீ ஒப்புதல் கொடுக்கணுமா, தாயி?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. விதி என்றால் விதிதானே.

பாய்தான் அதை உடைத்தார். அவர் வருடா வருடம் தன் கடை வாசலில் ரதத்தோடு வருகிறவர்களுக்கு ரோஸ் சிரப் தண்ணீர் கொடுப்பார். ஒரு நாள் நான் வீட்டுக்கு மீ கோரிங் தாப்பாவ் பொட்டலம் வாங்க நின்றபோது கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க சாமி விஷயம் எழுதற பக்கத்துல நானும் எழுதலாமா? ஐஸ் எவ்வளவு, எப்ப சொல்லணும், அதெல்லாம்."

"தாராளமா எழுதுங்க பாய். எழுதி அனுப்புங்க, நான் பாத்துட்டுப் போடுறேன்."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "முப்பது வருஷமா ரதத்துக்கு சிரப் கலக்கறேன். இனிப்பு சரியா இருக்கான்னு எந்தத் தலைவரும் பாத்துட்டுக் குடுத்ததில்லம்மா."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். காலில் இரும்புக் கம்பிகள் குத்தி நிற்கும்போது சிரிக்கக் கூடாது, வலிக்கும். அவர் சிரித்தார், "ஆ" என்றார், மறுபடி சிரித்தார். "நீ ஃபேக்டரி கேட்டுல நிக்கற கார்டு மாதிரி நிக்கறே. யார் வருவா?" என்றார். அன்றைக்கே இரண்டாவதை மூடிவிட்டு, நான் சிவப்பு மையால் அடித்த மூன்றாவதைத் திறந்தேன்.

மறுநாளே அணை உடைந்தது. பாய் சிரப் தண்ணீருக்கு ஒரு பக்கம் எழுதினார். அதில் பாதிக்கு மேல், பையன்கள் எப்படி இரண்டு முறை வரிசையில் வந்து ஏமாற்றுகிறார்கள் என்பது பற்றி. பூக்காரர் எழுதினார், பூசாரி எழுதினார், உறுமி மேளக்காரர்கள் நடுவில் மலாய் கலந்து எழுதினார்கள். என் கணவர் படுத்தபடியே முகத்துக்கு மேல் போனைப் பிடித்துத் தட்டுவார், இரண்டு முறை போன் மூக்கில் விழுந்தது. "மூன்றாவது விளக்குக் கம்பம் தாண்டியதும் சாலை இடது பக்கம் சாய்கிறது. அங்கே இடது சக்கரத்துக்குக் கட்டை வைக்காதே. வைத்தால் சாமி சைக்கிள் கடைக்குள் போய்விடும்." மூங்கில் கழி கோயில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும் அப்போதுதான் எழுதினார். நான்கூட அதைத் தெரிந்துகொண்டது அங்கேதான்.

எழுதாத ஆள் ஒருவர்தான். கணவருக்குப் பதிலாக இந்த வருடம் கட்டை பிடிக்கப் போகிறவர், அவருடைய கூட்டாளி, லாரி ஓட்டுகிறவர். விடியற்காலையில் தஞ்சோங் டாவாயிலிருந்து ஐஸ் போட்ட மீனை ஏற்றிக்கொண்டு சுங்கைப் பட்டாணி பாசாருக்கு வருவார். பத்து வார்த்தை பேசினால் அவருக்குக் களைத்துவிடும். மீன் ஏற்றும்வரை லாரியில் உட்கார்ந்து கணவர் எழுதியதைப் படிப்பார். மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார், போய்விடுவார். "நீங்களும் எழுதுங்க அண்ணே" என்றால், "எனக்கென்னம்மா எழுத இருக்கு" என்பார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்க, எங்கள் ஆட்களுடைய ஒரு குணத்தை நான் மறந்துபோனேன். விக்கி என்றால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த வேண்டும், தேவையில்லாததை அழிக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் அழிப்பாரா? அது அவர் முகத்தில் அடிப்பது மாதிரி. அதனால் யாரும் எதையும் அழிக்கவில்லை, கீழே கீழே சேர்த்துக்கொண்டே போனார்கள். ரதம் புறப்படும் நேரம் ஏழு மணி என்று தலைவர் எழுதியிருந்தார். அதன் கீழே: "தலைவர் சொன்னது சரிதான். ஆனால் பூசாரி ஏழரைக்குத்தான் தயாராவார்." அதன் கீழே: "இருவரும் சொன்னது சரி. எட்டு." மூன்று நேரமும் சரி என்றால் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது?

அதைப் பேசித் தீர்த்துவிட்டோம், எட்டு. "ரதம் நிற்கும் இடங்கள்" என்கிற பக்கம்தான் தீரவில்லை. வீட்டு வாசலில் ரதம் நின்று, தேங்காய் பழத் தட்டு கொடுத்துத் தீபாராதனை வாங்குவது எங்கள் தாமான் குடியிருப்பில் சின்ன விஷயம் இல்லை. பதினான்கு வீடுகளோடு தொடங்கிய பக்கம் ஒரு வாரத்தில் நாற்பத்து மூன்று வீடானது. ஒவ்வொருவரும் தன் வீட்டைச் சேர்த்தார், பிறகு பாவம் என்று மச்சான் வீட்டையும் சேர்த்தார். ஒரு வீட்டுக்கு எட்டு நிமிஷம் என்று கணக்குப் போட்டேன். ரதம் கோயிலுக்குத் திரும்ப மாலை நாலாகிவிடும். அப்புறம் எந்த வருடமும் ரதம் சாலைக்கே வராது.

"நீயே வெட்டிடு லா," என்றார் தலைவர்.

நானா? சாமி நிற்கும் இடத்திலிருந்து ஒரு வீட்டை அழித்தால், நாளைக்கு என் வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள்? வெட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு பதினோராவது வரியையே பார்த்தேன். "மூன்றாவது லோரோங், எங்கள் வீடு." நான் எழுதியது.

அந்த வரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கணவருக்குப் போன வருடம் ரதத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. இந்த வருடமோ, எலும்பு சேரவில்லை என்று திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்னால் இரண்டாம் முறை அறுத்துக் கம்பி வைத்திருந்தார்கள். காலைக் கீழே தொங்கவிடவே கூடாது. எங்கேயும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பெரிய சாலையிலிருந்து எங்கள் லோரோங் சந்துக்குள் ரதம் திரும்பி வந்தால், கட்டிலிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். அதற்காகவே கூடத்தில் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். ஜன்னல் கண்ணாடியை இரண்டு முறை துடைக்கச் சொன்னார். ஒரு வருடமாக என்னிடம் அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அவரிடம் போய் நின்றேன். சொல்ல ஆரம்பிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தார்.

"அழி," என்றார். பிறகு, "காரணம் கேக்குமே, என்ன எழுதப் போறே?" என்றார்.

என் வரியை அழித்தேன். பெட்டியில் எழுதினேன்: "பெரிய சாலை முனை வீட்டு அக்கா வாசலில் நாங்களும் சேர்ந்து தட்டு வைக்கிறோம்." எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். வெங்காயம்கூட நறுக்கவில்லை, சாக்குச் சொல்ல.

மறுநாள் காலை தொழிற்சாலை பஸ்ஸில் போன் விடாமல் அதிர்ந்தது. பக்கத்தின் வரலாற்றைத் திறந்தேன். ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வீட்டைத் தாங்களே அழித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் வரியை ஒருவரும் தொடவில்லை. பெட்டிகளில் காரணங்கள்: "எங்கள் நாய் உறுமிச் சத்தத்துக்கு ஊளையிடும். அண்ணன் வீட்டுக்குப் போகிறோம்." "கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது." "என் அம்மாவும் மாமியாரும் ஒரே வாசலில் நிற்கச் சம்மதித்துவிட்டார்கள். ஊரே வந்து பார்க்கவும்." பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் என்ன என்று கேட்டாள், போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை பதின்மூன்று வீடுகள் மிச்சம். போன் அதிர்ந்து அதிர்ந்து என் உயிரை எடுத்ததால் விக்கியின் அறிவிப்பை நிறுத்தினேன். பக்கத்தை அச்செடுத்து, பழக்க தோஷம், மேலே சிவப்பு மையில் "இறுதிப் பிரதி" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சரியாக எட்டுக்கு ரதம் புறப்பட்டது. மூங்கில் கழி போன இடத்தில் எல்லாம் கம்பிகள் மரியாதையாக எழுந்து வழிவிட்டன. சைக்கிள் கடை தப்பியது. நான் ஒரு கையில் இறுதிப் பிரதியும் இன்னொரு கையில் கைக்கடிகாரமுமாக நடந்தேன். எல்லாரையும் விரட்டினேன் என்று பிறகு சொன்னார்கள், இருக்கலாம். பத்து இருபதுக்கு முனை வீட்டு அக்கா வாசல். தட்டு கொடுத்தோம், தீபாராதனை முடிந்தது. அடுத்தது நேராகப் போய் பாய் கடை.

லாரி அண்ணன் இடது சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். ரதம் இடது பக்கம் திரும்பியது, எங்கள் லோரோங்குக்குள்.

"அண்ணே! அண்ணே! எங்க போறீங்க? லிஸ்ட்டுல இல்ல!" தாளை ஆட்டிக்கொண்டு ரதத்தின் பின்னால் ஓடினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உறுமிக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். தலைவர் மட்டும், "போற வழியில போகுது, விடு லா," என்றார்.

ரதம் எங்கள் கேட்டுக்கு நேராக நின்றது. லாரி அண்ணன் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தார், டயரைக் கட்டை விரலால் அழுத்தினார். டயர் கடைக்காரரான தலைவரும் குனிந்து பார்த்தார். நூறு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நல்ல சக்கரத்தைக் கவலையோடு பார்த்தார்கள். ஜன்னலுக்குள் என் கணவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்திருந்தார். கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து கத்தினார்:

"வலது பக்கம் காத்து கம்மியா இருக்கா பாரு!"

"பாக்கறேன், பாக்கறேன்," என்று அண்ணன் அடுத்த பக்கம் போய் இன்னும் இரண்டு நிமிஷம் பார்த்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு ரதம் கோயிலுக்குள் வந்துவிட்டது. தலைவர் மண்டபத்துக் கடிகாரத்தோடு சேர்த்து அதைப் படம் எடுத்து அதிகாரிக்கு அனுப்பினார். நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு நாளாகத் திறக்காத பக்கத்தைத் திறந்தேன்.

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது. லாரி அண்ணன் எழுதிய முதல் வரி. "3வது லோரோங். உள்ளே போய் சக்கரம் பாக்கணும். பெரிய ரோட்டுல வெயில். அங்க நல்ல நிழல்." அதன் கீழே தலைவர்: "தம்பி சொன்னது சரி. அங்கே நிழல் உண்டு." அதன் கீழே பாய்: "நானும் பார்த்திருக்கிறேன். நல்ல நிழல்." பூக்காரர், பூசாரி, முனை வீட்டு அக்கா, நாய் வீட்டுக்காரர், மொத்தம் பதினொரு பேர். யாரோ "குளுகுளுன்னு இருக்கும்" என்று வேறு எழுதியிருந்தார்.

எங்கள் லோரோங்கில் ஒரு மரம் கிடையாது. வீட்டு முன்புறமெல்லாம் சிமெண்டு போட்டாயிற்று, பத்து மணி வெயிலில் பூனைகூடக் கால் வைக்காது. நான் ஆசைப்பட்ட அந்த அழகான மென்பொருளாக இருந்திருந்தால், இந்த வரி ஒப்புதலுக்கு என்னிடம்தான் வந்திருக்கும். தவறான தகவல், தவிரவும் என் சொந்த வீடு என்று நிச்சயம் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நீலப் பொத்தானை அழுத்தினேன். பதினொரு பேருக்கும் கீழே, "ஆமாம். நல்ல நிழல்" என்று எழுதினேன். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டது. அதைக் காலியாகவே விட்டுவிட்டு, கணவருக்குப் பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.